ஒளியை அளந்த கார்த்திகை

அந்தக் கருவி மரப்பெட்டியில் வந்து இறங்கிய அன்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். வேறு ஊரிலிருந்த ஒரு நிறுவனம் ஒரே ஒரு பயிர்ப் பருவத்துக்கு அதை எங்களுக்கு இரவல் தந்திருந்தது. இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் சில வருடங்கள் அவை. செல்போன் வைத்திருந்தவர்கள் அது வெளியே தெரியும்படி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மதுரைத் தெருக்களில் நடந்த நாட்கள்.

நான் எம்.எஸ்சி. முடித்துவிட்டு அங்கே திட்ட உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். மேலூர்ப் பக்கத்து நெல் வயல்கள் செயற்கைக்கோள் படத்தில் எப்படித் தெரிகின்றன, படத்தைப் பார்த்தே பயிரின் நலத்தைச் சொல்ல முடியுமா என்பதுதான் எங்கள் திட்டம். அதற்கு மேலிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. செயற்கைக்கோள் தலைக்கு மேலே போகிற அதே நேரத்தில் யாராவது வயலில் நின்று, பயிர் திருப்பி அனுப்புகிற ஒளியை அளக்க வேண்டும். அந்த யாராவது நானும் என் தோழியும். செயற்கைக்கோள் வராத நாட்களிலும் பயிர் வளர வளர அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

தோழி சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டுக்குச் சேலைக்கடை இருந்தது. வீட்டில் சௌராஷ்டிரம், என்னிடம் மதுரைத் தமிழ், மேடையேறினால் ஆங்கிலம் என்று மூன்றிலும் ஒரே வேகத்தில் பேசுவாள்.

கருவி முதுகில் மாட்டிக்கொள்ளும் பெட்டி. நிறைகுடத்தைத் தூக்கியது போல் கனக்கும். அதிலிருந்து விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய் வரும். அதற்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். மறுமுனையைத் துப்பாக்கி போன்ற ஒரு பிடியில் செருகியிருப்பார்கள். அந்த முனை எதைப் பார்க்கிறதோ அதன் ஒளி இழை வழியாகப் பெட்டிக்குள் போகும். உள்ளே அது வானவில்லைப் போலப் பிரியும். வானவில்லில் நாம் ஏழு நிறம் எண்ணுகிறோம்; இந்தப் பெட்டி ஒளியை நூற்றுக்கணக்கான கீற்றுகளாகச் சீவிவிடும். சிவப்பைத் தாண்டி, நம் கண்ணுக்கு இருட்டாக இருக்கும் பகுதியிலும் சீவும். ஒவ்வொரு கீற்றும் எவ்வளவு பலமாக வந்தது என்று அளந்து, கழுத்தில் தொங்கும் லேப்டாப்பில் ஒரு கோடாக வரையும்.

கூடவே ஒரு வெள்ளைத் தட்டும் வந்தது. தன் மேல் விழும் ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் திருப்பித் தரும் தட்டு அது. வெயில் நிமிடத்துக்கு நிமிடம் மாறும் அல்லவா? அதனால் முதலில் தட்டை அளக்க வேண்டும், உடனே பயிரை அளக்க வேண்டும். தட்டை நூறு என்று வைத்துக்கொண்டால் பயிர் எவ்வளவு தருகிறது என்று தெரிந்துவிடும். தட்டில் விரல் படக் கூடாது. படுவது என்ன, அதன் அருகில் தும்மக்கூடத் தோழி எங்களை விடமாட்டாள்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. அளப்பவர்கள் கறுப்பு உடைதான் போட வேண்டும். பளிச்சென்ற துணி போட்டால் அதில் பட்ட வெயில் தெறித்துப் பயிர் மேல் விழும். கருவி அதையும் சேர்த்து அளந்துவிடும்.

"கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம், இவ கறுப்புச் சுடிதார் தச்சுட்டு வந்து நிக்கிறா" என்று அம்மா பழங்காநத்தத்தில் எங்கள் தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். நான் துணிந்து இன்னும் ஒன்று தைக்கக் கொடுத்தேன்.

எங்களை ஏற்றிப் போன ஜீப்பின் ஓட்டுநரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். பழைய மதுரையில், பெரிய பள்ளிவாசலுக்குப் பின்னால் வீடு. நாற்பது வயதிருக்கும். வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்குகிற ஆள் இல்லை. கூட்டம் கூடினால் விலக்குவார், தட்டை வைக்கும் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்துவார். தன் வெள்ளைச் சட்டையால் ஒரு நாள் அளவு கெட்டுப்போனது என்று தெரிந்ததும் மறுநாளே கறுப்புச் சட்டையில் வந்தார்.

மாதமோ கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் ஊரெங்கும் கறுப்பில் நடமாடும் மாதம். மேலூர் பஸ் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடையில் நாங்கள் இறங்கினால், கடைக்காரர் முதல் டம்ளரைக் கழுவி பாய்க்குத்தான் நீட்டுவார்.

"சாமி, சீனி கம்மியா?"

"சாமி இல்லண்ணே, பாய்."

"ஐயோ, மன்னிச்சுக்கங்க பாய்."

"இதுல என்ன மன்னிப்பு? டீய மட்டும் ஸ்ட்ராங்காப் போடுங்க."

எங்கள் இருவரையும் பார்த்துப் பெஞ்சில் இருந்த ஒருவர் இன்னொருவரிடம் மெதுவாகக் கேட்டார், "என்னப்பா, பொண்டுகளும் மாலை போட ஆரம்பிச்சுட்டாகளா?"

நாங்கள் அளந்த வயல் பெரியாறு வாய்க்காலை ஒட்டி இருந்தது. அதன் சொந்தக்காரி கணவனோடு தானும் சேற்றில் இறங்கி வேலை செய்கிற அக்கா. முதல் நாள் எங்களைப் பார்த்ததும் கரண்டு கம்பி இழுக்க வந்தவர்கள் என்று நினைத்துச் சண்டைக்கு வந்தாள். லேப்டாப்பைக் காட்டியதும் அமைதியானாள்.

"எம் பயிரு இதுல எங்கிட்டு இருக்கு தாயி?"

கோட்டைக் காட்டினேன். நீல நிறத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடக்கும். பச்சையில் சின்னதாக ஒரு மேடு. அதனால்தான் நெல் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. சிவப்பில் மறுபடியும் பள்ளம். இலை அந்த ஒளியைச் சாப்பிட்டுவிடுகிறது. சிவப்பு முடிந்து கண்ணுக்குத் தெரியாத பகுதி தொடங்கும் இடத்தில் கோடு செங்குத்தாக ஏறி மேலே போய்ப் படுக்கும்.

"யானைமலை கெணக்கா இருக்கே!" என்றாள் அக்கா.

மேலூர் ரோட்டில் ஒத்தக்கடையைத் தாண்டும்போது தினமும் பார்க்கும் மலை. தரையோடு வந்து, சட்டென்று உயர்ந்து, முதுகாய் நீண்டு படுத்திருக்கும். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்து நல்ல பயிரின் கோட்டுக்கு எங்களுக்குள் யானைமலை என்றே பெயர் வைத்துவிட்டோம். பயிர் எவ்வளவு செழிப்போ அவ்வளவு உயரத்துக்கு அந்த மலை ஏறும். வாடினால் மலை தாழும், இலை கண்ணுக்குப் பச்சையாக இருக்கும்போதே.

"ஒங்க பயிரு நல்லா இருக்குக்கா" என்றேன். மறுநாள் அக்கம்பக்கத்து வயல்காரர்கள் தங்கள் பயிரையும் பார்க்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஒரு காலை, நான் வரப்பில் நின்று கையை நீட்டிப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். கோடு திடீரென்று எகிறியது. திரும்பிப் பார்த்தால், பைக்கை நிறுத்திவிட்டு ஓர் ஆள் எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறார். கண்ணைக் கூச வைக்கும் வெள்ளைச் சட்டை.

"அண்ணே, தள்ளி நில்லுங்கண்ணே! ஒங்க சட்டை வெளிச்சம் விழுது!"

அவர் பத்தடி தள்ளினார்.

"இன்னும் தள்ளுங்கண்ணே!"

வாய்க்கால் கரை வரை போய் நின்றார். வேலை முடியும் வரை அங்கேயே நின்றார். நாங்கள் கருவியைக் கழற்றியதும் வந்து, பாயிடம் ஒரு வணக்கம் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

"நான் பரவையில இருந்து வாரேன். தரகர் ஒங்க போட்டோவ வீட்டுல குடுத்திருக்காரு. பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு கேட்டேன். வெளிச்சத்த அளக்குற வேலைன்னாரு. அதுக்கு மேல அவருக்குச் சொல்லத் தெரியல. சரி, நேராப் போயிப் பாத்துருவோம்னு வந்தேன். வந்ததும் வராததுமா அண்ணேன்னுட்டீங்க."

தோழி முக்காலியை அப்படியே போட்டுவிட்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். அவள் சிரிக்கும் சத்தம் வயல் முழுவதும் கேட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"வயல எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"கறுப்பு டிரெஸ் போட்ட ரெண்டு பொண்ணுகன்னு கேட்டேன். மேலூர்ல எல்லாருமே வழி சொல்றாங்க."

அவர் பரவை காய்கறி மார்க்கெட்டில் குடும்பத்தின் மொத்த வியாபாரக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும் முன் தொடங்கும் வியாபாரம் வெயில் ஏறும் முன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கு ஓய்வு. வந்த ஆள் கருவியைப் பற்றித்தான் நிறையக் கேட்டார். என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"எத வேணும்னாலும் அளக்குமா?"

"அளக்கும்."

"எஞ் சட்டைய அளங்க பாப்போம். என்னைய இம்புட்டுத் தூரம் வெரட்டுச்சே, அப்படி என்னதான் இருக்குன்னு பாப்போம்."

தட்டை அளந்துவிட்டுச் சட்டையை அளந்தேன். கோட்டைப் பார்த்து நானும் தோழியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நீல நிறப் பகுதியில் கோடு நூறைத் தாண்டி நின்றது. தவறோ என்று மறுபடி அளந்தோம். அதே கோடு. பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. சலவைத் தூளில் துணி பளிச்சிட ஒரு மருந்து சேர்க்கிறார்கள். அது வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை, கண்ணுக்குத் தெரியாத ஒளியை, வாங்கி நீலமாக மாற்றி வெளியே விடும். அதனால் நீலத்தில் சட்டை வாங்கியதைவிட அதிகமாகத் தருவது போலத் தெரியும். அதைச் சொன்னேன்.

அவர் சட்டையைக் குனிந்து பார்த்தார். "வாங்குனதுக்கு மேல குடுக்குதா? நான் வியாபாரிங்க. இது வெளிய தெரிஞ்சா மார்க்கெட்ல எனக்கு மரியாதை போயிருமே!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெண் பார்க்க வந்தவர் முன்னால் அப்படிச் சிரிக்கக் கூடாது என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை அவர் கறுப்புச் சட்டையில் வந்தார். அதற்கடுத்த முறையும். முக்காலியைத் தூக்குவார், மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்துச் சொல்வார், வரும்போது கடையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவருவார். வெயிலில் நின்றுவிட்டு அதைக் கடிக்கிற சுகமே தனி. டீக்கடைக்காரர் இப்போது பாயை விட்டுவிட்டு அவருக்கு முதல் டம்ளரை நீட்ட ஆரம்பித்தார். இவரும் "சாமி இல்லண்ணே" என்று ஆரம்பித்து, பிறகு அலுத்துப்போய் வாங்கிக் குடித்துவிடுவார்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல சம்பந்தமா வந்துச்சு. எல்லாம் போச்சு."

"என்னம்மா ஆச்சு?"

"பரவை மாப்பிள்ளை மாலை போட்டிருக்காராம். தரகர் சொல்லிட்டுப் போறாரு. தினமும் கறுப்புச் சட்டை போட்டுட்டு காலையிலயே எங்கயோ கோயிலுக்குப் போயிர்றாராம். அவுக அம்மா வீட்டையே கழுவி விட்டு மீன், கறி எல்லாத்தையும் நிறுத்திட்டாங்களாம். இனி மலைக்குப் போயிட்டு வந்து, தை பெறந்தாதான் பேச்சே."

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அவரு மாலையெல்லாம் போடலம்மா. அது எங்க வயலுக்குப் போட்டுட்டு வர்ற சட்டை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பா தாளை இறக்கினார்.

"எங்க வயலா?" என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கொஞ்ச நேரம் திட்டினாள். அண்ணே என்று கூப்பிட்ட இடம் வந்ததும் அவளுக்கும் உதடு துடித்தது. அப்பா மறுபடியும் தாளை உயர்த்திக்கொண்டார். அது லேசாகக் குலுங்கிக்கொண்டிருந்தது.

பரவையிலும் அதே நேரத்தில் விஷயம் வெளியே வந்திருந்தது. "ஒரு வாரமா ரசமும் பொரியலுமாவே போடுறீங்களே, மீனு கெடைக்கலையாம்மா?" என்று இவர் கேட்டிருக்கிறார். "மாலை போட்டவன் கேக்குற கேள்வியாடா இது?" என்று அவர் அம்மா அதிர்ந்திருக்கிறார். கழுத்தில் மாலை எங்கே என்று தேடியிருக்கிறார். மகன் உண்மையைச் சொன்னதும் அவருக்கு வந்த கோபம் முழுவதும் அந்த ஒரு வாரத்து மீனைப் பற்றித்தானாம்.

முறைப்படி பெண் பார்க்க நாள் குறித்தார்கள். மார்கழி பிறந்துவிட்டால் எதுவும் செய்ய மாட்டார்கள் என்பதால், கார்த்திகையின் கடைசி நல்ல நாள், காலை பத்தரைக்கு மேல். அதைக் கேட்டதும் ஓடிப்போய் நாட்காட்டியைப் பார்த்தேன். அதே நாள், அதே நேரத்தில்தான் செயற்கைக்கோள் மேலூருக்கு மேலே போகிறது. அதற்கு முந்தைய இரண்டு முறையும் மழை மேகத்தில் வீணாகியிருந்தன. அடுத்த முறை வருவதற்குள் நெல்லில் கதிர் வந்துவிடும், கோடு மாறிவிடும்.

"செயற்கைக்கோளு இன்னொரு நா வரட்டும்" என்றாள் அம்மா.

"அது நம்ம சொன்னா வராதும்மா."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மட்டும் நீ சொன்னா வருவாங்களா?"

வந்தார்கள். அவர் தன் அம்மாவிடம் போய் நிலைமையைச் சொல்லியிருக்கிறார். அவர் அம்மா யோசிக்கவே இல்லையாம். "எம் மகனையே கறுப்புச் சட்டை போட வச்சவ அங்க என்னதான் செய்யிறான்னு நான் பாக்கணும். வயலுக்கே போவோம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று காலை வாய்க்கால் கரையில் ஒரு வேன் வந்து நின்றது. அவர் அம்மா மாம்பழ நிறப் பட்டுச்சேலையில் இறங்கினார். என் அம்மா அரக்கு நிறம். வயல்கார அக்கா புங்கமரத்தடியில் கோரைப்பாய் விரித்து வைத்திருந்தாள். நான் முதுகில் பெட்டியோடு வரப்பில் நின்றேன். கும்பிடக்கூடக் கை ஒழியவில்லை, தலையை ஆட்டினேன். ஓட்டுநர் பாய் அவர் அம்மாவிடம் பணிவாகப் போய், "அம்மா, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா நல்லது. சேலை மின்னுது" என்றார். அவர் தள்ளினார். பாய் இன்னும் என்றார். இன்னும் தள்ளினார்.

"எம்புட்டுத்தான் தள்ளுறது? இப்படியே போனா பரவைக்கே போயிருவேன் போலருக்கே!"

வானம் காலை முதல் மூடித்தான் கிடந்தது. நேரம் நெருங்க நெருங்க நான் பிடியைக் கை மாற்றிக்கொண்டே நின்றேன். தோழி வானத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். புங்கமரத்தடியில் பேச்சு நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தால், இரண்டு அம்மாக்களும் அப்பாவும் அக்காவும் ஒரே மாதிரி கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் அம்மா எந்தச் சாமியையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"தொறக்கும்மா, இன்ஷா அல்லா" என்றார் பாய்.

முதலில் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு துண்டு வெயில் விழுந்தது. அது வயல் மேல் நகர்ந்து வந்தது. பிறகு மேகம் இரண்டாகப் பிரிந்து எங்கள் தலைக்கு மேல் நீலம் தெரிந்தது. "தட்டு!" என்று கத்தினேன். பரவைக்காரர் முக்காலியை நிறுத்தினார், தோழி விசையைத் தட்டினாள். தட்டு, பயிர், பயிர், பயிர், மறுபடியும் தட்டு. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிட்டத்தட்ட ஓடினேன். ஒவ்வொரு முறையும் திரையில் யானைமலை எழுந்தது. கண்ணுக்கே தெரியாத எங்கோ ஓர் உயரத்தில், நான் அளக்கும் இதே ஒளியைச் செயற்கைக்கோளும் வாங்கிக்கொண்டு போகிறது என்ற நினைப்பில் உடம்பு சிலிர்த்தது. கடைசி அளவு முடிந்து கொஞ்ச நேரத்தில் மேகம் மறுபடி கூடியது.

தோழி கையைத் தட்டினாள். மரத்தடியில் இருந்த எல்லோரும் எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

சேற்றுக் காலோடு போய்ப் பெரியவர்களைக் கும்பிட்டேன். அவர் அம்மா என்னை உட்கார வைத்து மேலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிவந்த பஜ்ஜியைக் கையில் கொடுத்தார். பெண் வீட்டுக்காரர்கள்தான் பலகாரம் கொடுக்க வேண்டும். அன்று எல்லாம் தலைகீழ்.

"வேலைய விட்டுருவியாத்தா?" என்று கேட்டார்.

"விட மாட்டேன் அத்தை."

"விடாத. நானும் நாலு பேர்ட்ட சொல்லணும்ல, எம் மருமக வானத்தோட கணக்கு வச்சிருக்கான்னு."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் பேசி முடிந்தது. பாய் பரவைக்காரர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "இனிமே நீங்க எங்களுக்கும் மாப்ளதான்" என்றார்.

மேகம் லேசாக விலகும்போதெல்லாம், பேட்டரியில் மிச்சமிருந்ததை வைத்து விளையாட்டாக அளந்தோம். மாம்பழப் பட்டு, வெற்றிலை, ஜீப்பின் மூடி. பிறகு ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். அவர் அம்மா நல்ல சிவப்பு, என் அம்மா மாநிறம், வெயிலில் நின்று நின்று நானும் அக்காவும் கறுத்திருந்தோம். கண்ணுக்குத் தெரியும் நிறங்களில் கோடுகள் தனித்தனியாக ஏறி இறங்கிப் போயின. சிவப்பைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத பகுதிக்குள் போகப் போக, எல்லாக் கோடுகளும் ஒன்றோடொன்று சேர்ந்து, எது யாருடைய கை என்று சொல்ல முடியாதபடி ஒன்றாகிவிட்டன. என் அம்மா லேப்டாப்புக்கு மிக அருகில் குனிந்து அதைப் பார்த்தாள்.

"இதுல எது நான்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

"நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

தையில் கல்யாணம் நடந்தது. தோழி வீட்டுக் கடையில்தான் சேலை எடுத்தோம். கருவியை அதற்கு முன்பே மரப்பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டோம். ஆணி அடிக்கும்போது தோழி அழுதாள். மாசியில் செயற்கைக்கோள் படம் வந்து சேர்ந்தது. அந்த நாளின் கீழ் அளவும் மேல் அளவும் அழகாகப் பொருந்தின.

படத்தை அச்செடுத்து அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் படத்தில் சிவப்பாகக் காட்டுவது வழக்கம் என்பதால், வாய்க்காலை ஒட்டிய செழித்த வயல்களெல்லாம் ரத்தச் சிவப்பாக இருந்தன. அவள் வயல் அதில் மிளகாய் விதை அளவுக்கு இருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு அறுவடைக்கு வந்திருந்த பெண்களை எல்லாம் சத்தம் போட்டுக் கூப்பிட்டாள்.

"ஏய், வெரசா இங்கிட்டு வாங்கடி! நம்ம வயலு எம்புட்டுச் செவப்பா இருக்குன்னு வந்து பாருங்க!"